நாம் பார்க்கும் கண்கள் யார் தந்தவை?



மேட்டுப்பாளையத்தில் பேருந்து ஏறி, பர்லியாரைத் தாண்டிக் குன்னூரை நெருங்கும்போது, சில்லென்ற காற்றோடு ஒரு மணமும் ஜன்னல் வழியே உள்ளே வரும். அது தைலமரத்தின் மணம். கோவையிலும் சென்னையிலும் படித்துவிட்டோ வேலை செய்துவிட்டோ விடுமுறைக்குத் திரும்பும் நம் பிள்ளைகளுக்கு, வீடு வந்துவிட்டது என்பதன் அடையாளமே அந்த மணம்தான். நம் மறைக்கல்விப் பிள்ளைகளிடம், 'கடவுள் படைத்த நம் மலையை வரையுங்கள்' என்று சொல்லிப் பாருங்கள். வரிசை வரிசையாகத் தேயிலைச் செடிகளையும், வானளாவிய தைலமரங்களையும், பின்னால் ஒரு மலையையும் சூரியனையும் வரைந்து தருவார்கள்.

அந்தப் படத்தில் மலையையும் சூரியனையும் தவிர மற்ற எல்லாமே வெளியிலிருந்து வந்தவை. தைலமரம் ஆஸ்திரேலிய மரம். 1843-ஆம் ஆண்டு வாக்கில் ஆங்கிலேயர்கள் விறகுத் தேவைக்காக அதை இங்கே கொண்டுவந்து நட்டார்கள். சீகை மரமும் அதே நாட்டிலிருந்து வந்ததுதான். தேயிலையோ சீனத்திலிருந்தும் அஸ்ஸாமிலிருந்தும் வந்தது. உருளைக்கிழங்கும் காரட்டும் முட்டைக்கோசும் நம் மண்ணுக்குப் புதியவை. 1819-ல் கோவை ஆட்சியர் ஜான் சல்லிவன் இங்கே வந்து பார்த்தபோது இவை எதுவும் இல்லை. பரந்த புல்வெளிகள் இருந்தன. ஓடைகளை ஒட்டிச் சோலைக்காடுகள் இருந்தன. பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை குறிஞ்சி பூத்தது. அந்தக் குறிஞ்சி 2006-லும் 2018-லும் பூத்தபோது, நம்மில் பலர் அதைச் சுற்றுலாப் பயணிகளைப் போல அதிசயமாகப் போய்ப் பார்த்துவிட்டு வந்தோம்!

இதில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. அந்த ஆஸ்திரேலிய மரத்தின் எண்ணெய்க்குத் தமிழில் என்ன பெயர்? நீலகிரித் தைலம். இந்தியில் அந்த மரத்தையே 'நீலகிரி' என்றுதான் சொல்கிறார்கள். வந்தேறிய மரம் நம் மலையின் பெயரையே எடுத்துக்கொண்டது. மண்ணுக்குரிய சோலை மரங்களின் பெயர்களோ நம் பிள்ளைகளுக்குத் தெரியாது.

இதில் யாரையும் குறை சொல்வதற்கில்லை. பிறந்தது முதல் எதைப் பார்த்து வளர்கிறோமோ, அதுவே நமக்கு இயல்பானதாகத் தோன்றுகிறது. அதைக் கடவுளே அப்படிப் படைத்ததாக நினைத்துக்கொள்கிறோம். மலைக்கு நேர்ந்தது நம் மனத்துக்கும் நேர்ந்திருக்கக்கூடும் அல்லவா? நம் விருப்பங்கள், வெறுப்புகள், மனிதரைப் பற்றிய கணிப்புகள் ஆகியவற்றுள் இறைவன் நட்டவை எவை, யாரோ கொண்டுவந்து நட்டவை எவை? இதைச் சற்றே சிந்தித்துப் பார்ப்போம்.

வீடு என்னும் முதல் நாற்றங்கால்

கனடா நாட்டு உளவியல் அறிஞர் ஜேனட் வெர்க்கர் 1980-களில் கைக்குழந்தைகளை வைத்து ஓர் ஆய்வு செய்தார். ஆங்கிலம் பேசும் வீடுகளில் பிறந்த குழந்தைகள், ஆறு மாத வயதில் இந்தி மொழியின் நுட்பமான ஒலி வேறுபாடுகளைக்கூடக் கேட்டு உணர்ந்தார்கள். ஆனால் ஒரு வயதை எட்டும்போது அந்தத் திறமை மங்கிவிட்டது. வீட்டில் கேட்காத ஒலிக்கு அவர்களுடைய காது பழகவில்லை. முகங்களைப் பற்றிய ஆய்வுகளும் இதையே சொல்கின்றன. பிறந்த சில மாதங்களில் எல்லா இனத்தாரின் முகங்களையும் வேறுபடுத்தி அறியும் குழந்தை, ஒன்பது மாதத்திற்குள் தான் தினமும் பார்க்கும் இனத்தாரின் முகங்களை மட்டுமே எளிதாக வேறுபடுத்துகிறது. மற்றவர்கள் எல்லாரும் அதற்கு 'ஒரே மாதிரி' தெரியத் தொடங்குகிறார்கள்.

பேசவும் நடக்கவும் தெரிவதற்கு முன்பே நம் காதும் கண்ணும் பழக்கப்படுத்தப்பட்டுவிடுகின்றன என்பதை இவை காட்டுகின்றன. அதற்குப் பிறகு வருபவை நாம் அறிந்தவைதான். திண்ணையில் உட்கார்ந்து விளையாடும் குழந்தை, வந்தவர்களில் யாருக்கு நாற்காலி போடப்படுகிறது, யார் வாசலோடு நிறுத்தப்படுகிறார் என்பதைப் பார்த்துக்கொண்டே இருக்கிறது. ஒருவருக்கு வீட்டுக் குவளையிலும் இன்னொருவருக்குத் தனிக் குவளையிலும் தேநீர் கொடுத்தால், அதற்கு ஒரு வார்த்தை விளக்கம்கூடத் தேவையில்லை. பாடம் மனத்தில் பதிந்துவிடும். இருபது ஆண்டுகள் கழித்து அந்தப் பிள்ளை, 'எனக்கு யார்மேலும் வெறுப்பு இல்லை, ஏனோ அவர்களோடு ஒட்டவில்லை' என்று சொல்லும். அந்த 'ஏனோ' எங்கிருந்து வந்தது என்று அதற்கே தெரியாது.

நல்லதும் இப்படித்தான் விதைக்கப்படுகிறது. திமொத்தேயுவின் நம்பிக்கையைப் பற்றி எழுதும் புனித பவுல், அது முதலில் அவருடைய பாட்டி லோயியிடமும் தாய் யூனிக்கியிடமும் குடிகொண்டிருந்தது என்று நினைவூட்டுகிறார் (2 திமொத்தேயு 1:5). நம் தோட்டங்களில் எத்தனை யூனிக்கிகளைப் பார்த்திருக்கிறோம்! காலையிலிருந்து மாலை வரை மழையிலும் பனியிலும் நின்று கொழுந்து பறித்துவிட்டு, விறகைச் சுமந்து லைன் வீட்டுக்குத் திரும்பி, உலை வைத்த கையோடு மெழுகுதிரி ஏற்றிப் பிள்ளைகளைச் செபமாலைக்கு உட்கார வைத்த தாய்மார்கள் அவர்கள். அந்தப் பிள்ளைகளுக்கு இறையியல் யாரும் கற்பிக்கவில்லை. களைத்துப்போன ஒரு தாய் முழந்தாளிட்டதைப் பார்த்தார்கள். அதுவே போதுமானதாக இருந்தது. பிள்ளைகளுக்கு முதன்மையான ஆசிரியர்கள் பெற்றோரே என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965-ல் வெளியிட்ட கிறிஸ்தவக் கல்வி பற்றிய அறிக்கை கூறுகிறது. அது பெருமைக்குரிய சொல் மட்டுமல்ல, எச்சரிக்கையும்கூட. நாம் கற்பிக்க நினைக்காததையும் பிள்ளைகள் நம்மிடமிருந்து கற்றுக்கொள்கிறார்கள்.

நல்லவரான நத்தனியேல்

முற்சார்பு என்றதும், அது கெட்டவர்களின் நோய் என்று நினைக்கிறோம். நற்செய்தி அப்படிச் சொல்லவில்லை. யோவான் நற்செய்தி முதல் அதிகாரத்தில், பிலிப்பு தம் நண்பர் நத்தனியேலிடம் சென்று, நாசரேத்து ஊரைச் சேர்ந்த இயேசுவில் மெசியாவைக் கண்டுகொண்டதாக மகிழ்ச்சியோடு சொல்கிறார். நத்தனியேலுக்கு ஊர்ப் பெயர் மட்டுமே காதில் விழுகிறது. அந்த ஊரிலிருந்து அப்படி என்ன பெரிதாக வந்துவிடப் போகிறது என்ற தொனியில் கேட்டுவிடுகிறார்.

இத்தனைக்கும் நத்தனியேல் தொலைவிலிருந்து வந்தவர் அல்ல. அவர் கலிலேயாவிலுள்ள கானா ஊரைச் சேர்ந்தவர் என்று அதே நற்செய்தியின் கடைசி அதிகாரம் சொல்கிறது (யோவான் 21:2). கானாவும் நாசரேத்தும் பக்கத்துப் பக்கத்து ஊர்கள். பக்கத்து ஊரைப் பற்றி நமக்கு இருக்கும் இளக்காரம் தூர தேசத்தைப் பற்றி இருப்பதில்லை! அவர் கெட்டவரும் அல்ல. கபடற்ற உண்மையான இஸ்ரயேலர் என்று இயேசுவே அவரைப் பாராட்டுகிறார். கபடமில்லாத மனிதரின் வாயிலும் ஊர் பேசிய பேச்சு வந்துவிடுகிறது என்பதை நாம் கவனிக்க வேண்டும்.

பிலிப்பு அவரோடு வாதாடவில்லை. நாசரேத்தின் பெருமைகளைப் பட்டியலிடவில்லை. நேரில் வந்து பார்க்கும்படி அழைத்தார். நத்தனியேலும் அத்திமர நிழலை விட்டு எழுந்து போனார். போனதால் ஆண்டவரைக் கண்டார். போகாமலே இருந்திருந்தால், தம் கணிப்பு சரி என்றே கடைசிவரை நம்பியிருப்பார்.

1603-ல் நம் மலைக்கு வந்த குரு

இதே அழைப்பு நம் மலையின் வரலாற்றிலும் இருக்கிறது. நம் மறைமாவட்டம் மைசூர் மறைமாவட்டத்திலிருந்து பிரிக்கப்பட்டு உருவானது 1955-ல்தான். ஆனால் அதற்கு மூன்றரை நூற்றாண்டுகளுக்கு முன்பே ஒரு கத்தோலிக்கக் குரு இங்கே வந்திருக்கிறார். இந்த மலைமேல், தங்கள் நம்பிக்கையை மறந்துபோன பழங்காலக் கிறிஸ்தவர்கள் வாழ்கிறார்கள் என்று அக்காலத்தில் மலபார்க் கரையில் ஒரு பேச்சு இருந்தது. அவர்களைத் தேடி 1603-ல் இத்தாலி நாட்டு இயேசு சபைக் குரு ஜியாகோமோ ஃபெனிசியோ கோழிக்கோட்டுப் பகுதியிலிருந்து காடுகளைக் கடந்து மலையேறினார்.

அவர் தேடி வந்த கிறிஸ்தவர்கள் இங்கே இல்லை. எருமை மேய்த்து வாழ்ந்த தோடர்களையும் படகர்களையும் அவர் சந்தித்தார். திரும்பிச் சென்று, தாம் கண்டதைக் கடிதமாக எழுதினார். இந்த மலை மக்களைப் பற்றி ஐரோப்பியர் ஒருவர் எழுதிய மிகப் பழைய குறிப்பு அதுதான். அவரும் தம் காலத்தின், தம் நாட்டின் கண்களோடுதான் வந்திருப்பார். ஆயினும், கேள்விப்பட்டதைத் தேடி வந்தவர், இல்லாததை இருப்பதாகச் சொல்லாமல் கண்டதை எழுதினார். அந்த நேர்மையை நாம் மெச்ச வேண்டும்.

பிற்காலத்தில் வந்த எல்லாருக்கும் அந்த நேர்மை வாய்க்கவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் வந்த ஐரோப்பியர் சிலர் தோடர்களின் உயரத்தையும் தாடியையும் போர்வையையும் பார்த்து, இவர்கள் பழைய ரோமரின் வழிவந்தவர்கள் என்றும், இஸ்ரயேலின் காணாமற்போன குலம் என்றும் கற்பனை செய்தார்கள். பள்ளியில் படித்த ரோமரையும் விவிலியத்தில் படித்த இஸ்ரயேலரையும் அவர்கள் இந்த மலையில் தேடிக் 'கண்டுபிடித்தார்கள்'. எதிரே நின்ற தோடரை அவர்கள் உண்மையில் பார்க்கவே இல்லை.

ஒரு சொல்லின் பயணம்

இனி நம் வீட்டுக் கதைக்கு வருவோம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் தமிழகத்தின் வறண்ட மாவட்டங்களிலிருந்து கங்காணிகளின் பின்னே சென்று, இலங்கையின் மலைகளில் முதலில் காப்பியையும் பிறகு தேயிலையையும் வளர்த்தவர்கள் நம் மக்கள். இலங்கை விடுதலை பெற்ற 1948-ஆம் ஆண்டிலேயே நிறைவேற்றப்பட்ட குடியுரிமைச் சட்டம் அவர்களை நாடற்றவர்கள் ஆக்கியது. 1964 அக்டோபர் 30 அன்று பிரதமர் லால் பகதூர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்கவும் செய்துகொண்ட ஒப்பந்தத்தின்படி, 9,75,000 பேரில் 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்பதென முடிவாயிற்று. எஞ்சிய 1,50,000 பேரை இரு நாடுகளும் சமமாகப் பங்கிட்டுக்கொள்ள 1974-ல் மற்றோர் ஒப்பந்தம் ஏற்பட்டது. அந்த மக்களைக் கேட்டு யாரும் முடிவு செய்யவில்லை. தலைமன்னாரில் கப்பல் ஏறி இராமேசுவரத்தில் இறங்கி, மண்டபம் முகாம் வழியாகப் பல ஊர்களுக்குப் பிரிந்தார்கள். பல்லாயிரம் பேர் நீலகிரிக்கு வந்தார்கள். அவர்களுக்கு வேலை தருவதற்காகத் தமிழக அரசு 1968-ல் தொடங்கிய தேயிலைத் திட்டமே, 1976 முதல் டான்டீ நிறுவனமாக இயங்குகிறது. கூடலூர், பந்தலூர், சேரம்பாடி, கோத்தகிரி, குன்னூர்ப் பகுதிகளில் நம் பங்குகள் பலவற்றின் இறைமக்களுள் கணிசமானோர் அந்தக் குடும்பங்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும்தான்.

இலங்கையில் அவர்களை மற்றவர்கள் எப்படி அழைத்தார்கள் தெரியுமா? 'தோட்டக்காட்டான்' என்றார்கள். 'கள்ளத்தோணி' என்றார்கள். வடக்கே கடலுக்கு அப்பாலிருந்து வந்தவர்கள் என்பதால் 'வடக்கத்தியான்' என்றும் இளக்காரமாக அழைத்தார்கள். சொந்த நாடு என்று நம்பி இங்கே வந்தால், இங்கே அவர்கள் 'சிலோன்காரர்கள்' ஆனார்கள். 'சிலோன்காரன் வீட்டில் பெண் எடுப்பதா?' என்ற கேள்வியும், 'அந்தத் தெருக்காரர்கள் சண்டைக்காரர்கள்' என்ற பேச்சும் எழுந்தன. ஐந்து காயங்களுடைய ஒரே ஆண்டவரின் பலிபீடத்தைச் சுற்றி நின்றபோதும், நம்மிடையே இந்தக் கோடுகள் அழியவில்லை என்பதை நாம் ஒப்புக்கொள்ள வேண்டும்.

காலம் கடந்தது. மூன்றாம், நான்காம் தலைமுறை வந்துவிட்டது. தோட்டக் கூலியில் குடும்பம் நடத்த முடியாமல் நம் இளைஞர்கள் திருப்பூருக்கும் கோவைக்கும் போகிறார்கள். அவர்கள் விட்டுச்சென்ற இடத்தில் கொழுந்து பறிக்க ஜார்க்கண்டிலிருந்தும் அஸ்ஸாமிலிருந்தும் பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் குடும்பங்கள் வந்து லைன் வீடுகளில் குடியேறியிருக்கின்றன. அவர்களை நாம் என்னவென்று அழைக்கிறோம்?

'வடக்கத்தியான்.' இன்னும் சுருக்கமாக, 'வடக்கன்.'

அன்று நம் தாத்தாவைக் குத்திய அதே சொல் இன்று பேரனின் வாயிலிருந்து வருகிறது. பேரன் கொடியவன் அல்ல. அவன் நத்தனியேலைப் போல நல்லவன்தான். தாத்தாவின் காயத்தை யாரும் அவனுக்குச் சொல்லவில்லை. கடைவீதியில் பேசுகிறார்கள், கைப்பேசியில் காணொளி வருகிறது, அவனும் சொல்கிறான். அவ்வளவுதான்.

அந்தப் பெயருக்குப் பின்னால் யார் இருக்கிறார்கள் என்று நாம் பார்ப்பதில்லை. ஜார்க்கண்டிலிருந்து வருவோரில் கத்தோலிக்கரும் உண்டு. 1885-ல் சோட்டா நாக்பூர் பகுதிக்கு வந்த பெல்ஜியம் நாட்டு இயேசு சபைக் குரு கான்ஸ்டன்ட் லீவன்ஸ், நிலத்தைப் பறிகொடுத்த பழங்குடி மக்களுக்காக வழக்குமன்றம் வரை துணை நின்றார். அங்கே வளர்ந்த நம்பிக்கைதான் இவர்களுடைய நம்பிக்கை. அந்த மண்ணின் ஒராவோன் பழங்குடியில் பிறந்த டெலஸ்போர் டோப்போ, ராஞ்சிப் பேராயராகி, 2003-ல் கர்தினாலாக உயர்ந்தார். ஞாயிறு திருப்பலியில் நம் கோவிலின் கடைசி வரிசையில், மொழி புரியாவிட்டாலும் கைகூப்பி நிற்கும் அந்தப் பெண், அப்படிப்பட்ட ஒரு திருஅவையின் மகளாக இருக்கலாம். திருப்பலி முடிந்ததும் நாம் அவரைப் பார்த்து ஒரு புன்னகையாவது செய்கிறோமா?

இன்னொன்றையும் கவனிப்போம். நம்மவர் ஒருவர் குடித்துவிட்டு விழுந்து கிடந்தால், 'பாவம், அவனுக்கு என்ன கஷ்டமோ' என்கிறோம். வெளியிலிருந்து வந்தவர் ஒருவர் விழுந்து கிடந்தால், 'இவர்களே இப்படித்தான்' என்கிறோம். ஒரே தவற்றுக்கு நம்மவரிடம் காரணம் தேடுகிறோம், மற்றவரிடம் குணத்தைக் குறை சொல்கிறோம். நம் கண்கள் கடன் வாங்கிய கண்கள் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுமா?

வெளியிலிருந்து வரும் எல்லாமே தீமையா?

'காலம் கெட்டுவிட்டது, சினிமாவும் கைப்பேசியும் சேர்க்கையும் பிள்ளைகளைக் கெடுக்கின்றன' என்று நாம் அடிக்கடி சொல்கிறோம். அதில் உண்மை உண்டு. கைப்பேசித் திரை, நாம் எதை விரும்பிப் பார்த்தோமோ அதையே மேலும் மேலும் கொண்டுவந்து காட்டும்படி அமைக்கப்பட்டிருக்கிறது. ஒரு கூட்டத்தாரை இழிவாகப் பேசும் காணொளி ஒன்றைப் பார்த்தால், அடுத்த நாள் பத்து வருகின்றன. பத்தையும் பார்த்தவர், 'எல்லாரும் இதைத்தான் சொல்கிறார்கள்' என்று நம்பிவிடுகிறார். அத்திமர நிழலைவிட்டு எழாமலேயே நாசரேத்தைப் பற்றி எல்லாம் தெரிந்துவிட்டதாக எண்ணுவது போன்றது இது. மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ், 2021-ஆம் ஆண்டின் உலக சமூகத் தொடர்பு நாளுக்கு, பிலிப்பு நத்தனியேலுக்கு விடுத்த அழைப்பையே மையப்பொருளாகத் தேர்ந்துகொண்டது பொருத்தமானதே.

ஆனால் வெளியிலிருந்து வருவது நம்மைத் திருத்தவும் செய்யும். நட்டாலத்தில் 1712-ல் பிறந்த நீலகண்டபிள்ளையை எண்ணிப் பாருங்கள். திருவிதாங்கூர் அரண்மனைப் பணி, உயர்சாதிப் பிறப்பு, கோவில் மரியாதை என எல்லாமே பிறப்போடு வந்தவை. 1741-ல் குளச்சல் போரில் சிறைப்பட்டு, பின்னர் அரசருடைய படையில் பணியாற்றிய டச்சுத் தளபதி டி லனாய் அவருக்கு நண்பரானார். உடைமைகளை இழந்து மனம் நொந்திருந்த நீலகண்டருக்கு, அந்த அயல்நாட்டார் யோபுவின் கதையைச் சொன்னார். 1745-ல் வடக்கன்குளத்தில் திருமுழுக்குப் பெற்றுத் தேவசகாயம் ஆனவர், சாதிக் கோடுகளைத் தாண்டி எல்லாரோடும் பழகினார், உண்டார். அதற்காகவும் வதைக்கப்பட்டு, 1752 சனவரி 14 அன்று ஆரல்வாய்மொழிக் காற்றாடி மலையில் சுடப்பட்டு இறந்தார். 2022 மே 15 அன்று புனிதராக உயர்த்தப்பட்டார். அந்த வெளிநாட்டு நண்பர் அவர் வாழ்வில் வராதிருந்தால், அந்த இழப்பிலிருந்து அவர் எந்த வழியில் சென்றிருப்பாரோ!

நம் மாவட்டத்திலேயே ஓர் எளிய எடுத்துக்காட்டு உண்டு. 2000-ஆம் ஆண்டு வாக்கில் அன்றைய ஆட்சியர் சுப்ரியா சாகு பிளாஸ்டிக் பைகளுக்கு எதிராக இயக்கம் தொடங்கியபோது, 'இதெல்லாம் நடக்கிற காரியமா?' என்று கேட்டவர்கள் நாம்தான். இன்று மலைக்கு வரும் உறவினரிடம், 'பிளாஸ்டிக் பையோடு வராதீர்கள்' என்று முன்கூட்டியே சொல்பவர்களும் நாமே. ஒரு தலைமுறைக்குள் ஒரு புதிய பழக்கம் நமக்குச் சொந்தமாகிவிட்டது. இதை மாற்ற முடிந்த நாம் மற்றதை மாற்ற முடியாதா?

அப்படியானால் நல்ல தாக்கத்தையும் தீய தாக்கத்தையும் எப்படிப் பிரித்தறிவது? புனித இஞ்ஞாசியாரின் அனுபவம் நமக்கு உதவும். போர்வீரராகப் பெயரும் புகழும் தேடும் சூழலில் வளர்ந்தவர் அவர். 1521-ல் பம்பலோனா கோட்டையில் காலில் குண்டடிபட்டு லொயோலாவில் படுத்திருந்தபோது, பொழுது போக்க வீரக் கதைகளைக் கேட்டார். அவை கிடைக்கவில்லை. கிறிஸ்துவின் வாழ்வையும் புனிதர்களின் வாழ்வையும் கூறும் நூல்கள் கிடைத்தன. அவர் ஒன்றைக் கவனித்தார். உலகப் புகழைப் பற்றிய கனவுகள் நினைக்கும்போது இனித்தன, பின்னர் மனத்தை வறட்சியாக விட்டுச்சென்றன. புனிதர்களைப் போல வாழும் எண்ணமோ, நினைத்து முடித்த பின்னும் அமைதியையும் மகிழ்ச்சியையும் தந்தது. ஒன்று உள்ளே வரும்போது எப்படி இருக்கிறது என்பதைவிட, அது போன பிறகு நம்மை எப்படி விட்டுச்செல்கிறது என்று பார்ப்பதே அவர் கற்றுத்தந்த வழி.

'நான் வளர்ந்த விதம் அப்படி'

குறை சுட்டப்படும்போது நாம் வழக்கமாகச் சொல்லும் பதில் இது. வளர்ப்பு நம் செயலுக்கு விளக்கம் தரும் என்பது உண்மைதான். ஆனால் அது நம்மை என்றென்றும் கட்டிப்போடும் விலங்கு அல்ல. மனச்சான்றைப் பயிற்றுவிப்பது வாழ்நாள் முழுவதும் செய்ய வேண்டிய பணி என்று கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூல் கூறுகிறது (எண் 1784).

திருத்தூதர் பேதுருவைப் பாருங்கள். பிற இனத்தாரின் வீட்டுக்குள் செல்லக்கூடாது என்று சிறுவயது முதல் கற்றவர் அவர். யோப்பாவில் அவருக்குக் காட்சி ஒருமுறை அல்ல, மும்முறை வர வேண்டியிருந்தது. அதன்பின் கொர்னேலியுவின் வீட்டுக்குள் நுழைந்து, கடவுள் ஆள் பார்த்துச் செயல்படுபவர் அல்ல என்பதைத் தாம் உணர்ந்துகொண்டதாக அறிக்கையிட்டார் (திருத்தூதர் பணிகள் 10). அதோடு கதை முடியவில்லை. சில காலம் கழித்து அந்தியோக்கியாவில், தம் இனத்தார் வந்ததைக் கண்டதும், பிற இனத்தாரோடு உண்பதை விட்டு ஒதுங்கிக்கொண்டார். பவுல் அவரை முகத்துக்கு நேரே கண்டிக்க வேண்டியதாயிற்று (கலாத்தியர் 2:11-14). முதல் திருத்தந்தைக்கே பழைய வளர்ப்பு திரும்பிவந்தது என்றால், நமக்கு ஒரே நாளில் எல்லாம் மாறிவிடும் என்று எதிர்பார்க்க வேண்டாம். மனம் தளரவும் வேண்டாம். நம்மைத் திருத்த ஒரு பவுலையும் இறைவன் அனுப்புவார். அவர் பேசும்போது கேட்கும் காது நமக்கு வேண்டும்.

நாம் செய்யக்கூடியவை

முதலாவது, இரவு செபத்தின்போது அன்று யாரைப் பற்றியாவது கடுமையாக நினைத்தோமா என்று எண்ணிப் பார்ப்போம். நினைத்திருந்தால், 'இதை எனக்குக் கற்றுக்கொடுத்தது யார்? நான் நேரில் கண்டதா, கேள்விப்பட்டதா?' என்று நம்மையே கேட்போம்.

இரண்டாவது, ஒரு கூட்டத்தாரைப் பற்றிப் பேசுமுன், அவர்களுள் ஒருவருடைய பெயராவது நமக்குத் தெரியுமா என்று பார்ப்போம். ஒருவர் பெயரும் தெரியாவிட்டால், நாம் இன்னும் அத்திமரத்தின் அடியில்தான் இருக்கிறோம்.

மூன்றாவது, பிள்ளைகள் இருக்கும் இடத்தில் நம் பேச்சைக் காப்போம். நம் தாத்தா பாட்டியர் பட்ட பாட்டை, கப்பலையும் முகாமையும் காட்டை வெட்டித் தோட்டம் போட்ட கதையையும் அவர்களுக்குச் சொல்லிக் கொடுப்போம். கசப்பை வளர்ப்பதற்காக அல்ல. அதே சொல்லை அவர்கள் இன்னொருவர்மேல் எறியாதிருப்பதற்காக.

நான்காவது, கைப்பேசியில் வந்ததை அடுத்தவருக்கு அனுப்புமுன், அது உண்மையா, அதைக் கேட்டால் அதில் பேசப்படுபவர் மனம் என்ன பாடுபடும் என்று ஒரு நிமிடம் எண்ணுவோம்.

ஐந்தாவது, அடுத்த அன்பியக் கூட்டத்தை, புதிதாக வந்த ஒரு குடும்பத்தின் வீட்டில் நடத்த முடியுமா என்று பங்குத்தந்தையோடு கலந்து பேசுவோம். மொழி தெரியாவிட்டால் என்ன? செபமாலையின் மறைபொருள்கள் எல்லா மொழியிலும் ஒன்றுதான். அவர்கள் தங்கள் மொழியில் ஒரு பத்து மணி சொல்லட்டும், நாம் நம் மொழியில் ஒரு பத்து மணி சொல்வோம். பிறகு ஒரு தேநீர் பருகுவோம். அந்தக் கொழுந்தைப் பறித்த கைகள் யாருடையவை என்பதும் அப்போது நமக்குத் தெரியவரும்.

மலையில் நட்ட தைலமரங்களை ஒரே நாளில் அகற்ற முடியாது. ஆனால் அவற்றை அகற்றிய இடங்களில் புல்லும் சோலை மரங்களும் மெல்ல மெல்லத் திரும்ப முடியும் என்று இந்தப் பணியில் ஈடுபட்டிருப்போர் சொல்கிறார்கள். மண்ணுக்குள் இன்னும் உயிர் இருக்கிறது. இறைவனின் சாயலில் படைக்கப்பட்ட நம் உள்ளத்திலும் அந்த உயிர் இருக்கிறது. நாம் செய்ய வேண்டியது, வந்து பார்க்கும் துணிவைத் தூய ஆவியாரிடம் கேட்பது மட்டுமே.

செபம்: ஆண்டவரே, எங்கள் பெற்றோர் வழியாக எங்களுக்குத் தந்த நம்பிக்கைக்காக நன்றி கூறுகிறோம். அறியாமலே நாங்கள் கற்றுக்கொண்ட வெறுப்புகளை எங்களுக்குச் சுட்டிக்காட்டும். கேட்டதை நம்பித் தீர்ப்பிடாமல், நேரில் சென்று காணும் மனத்தைத் தாரும். நேற்று வந்தவர்களாகிய நாங்கள், இன்று வருபவர்களை உம் பெயரால் வரவேற்க அருள்புரியும். ஆமென்.